சரக்குப் பக்கம், ஆள் பக்கம்

இந்திராணி மேடம் இறந்த செய்தி எனக்கு ஒரு கட்டைவிரலோடு வந்தது. எங்கள் ஒரகடம் மரப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களும் பார்த்து விலகியவர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் யாரோ காலையிலேயே தகவல் போட்டிருக்கிறார்கள். நான் படப்பையில் ஷேர் ஆட்டோவில் இரண்டு பேருக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து போனைத் திறந்தபோது, அதற்குக் கீழே ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் போட்டிருந்தார். தவறுதலாகத்தான் இருக்கும். ஆனால் அவர் அதை எடுக்கவில்லை. அவரைப் பார்த்து இன்னும் சிலர் அதையே போட்டார்கள். பிறகு கன்னியம்மாவின் குரல் வந்தது. "காஞ்ச கட்ட போய் சேந்துடுச்சாம்பா. சாய்ந்திரம் எட்த்துடுவாங்களாம். எவனாச்சும் வர்றீங்களா, இல்ல நான் மட்டும் போவட்டா?" ஆட்டோவில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் ஏதோ விறகு விவகாரம் என்று நினைத்திருப்பாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி சார்பில் ஒரு பேனர் கட்டினார்கள். மேடத்தின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, மேலே "அன்பே உருவானவர்" என்று போட்டிருந்தார்கள். அவரோடு வேலை பார்த்த யாரும் அதை எழுதியிருக்க முடியாது. அச்சகத்தில் தயாராக இருக்கும் நாலைந்து வாசகங்களில் ஒன்றை எடுத்து ஒட்டியிருப்பார்கள். இந்திராணி மேடம் அன்பே உருவானவர் அல்ல. அவரை அறிந்த உங்களுக்கு இது தெரியும். அந்தப் பேனரின் முன்னால் அவரை நிறுத்தியிருந்தால் முதலில் எழுத்துப் பிழையைக் காட்டியிருப்பார், அப்புறம் பொருட்பிழையை. ஆகவே இந்த அஞ்சலியில் நானும் பொய் சொல்லப் போவதில்லை. அவருக்குச் சொல்ல வராத ஒரே விஷயம் பொய். என் அறைத்தோழி பேச்சியம்மாளின் வாழ்க்கை அதனால்தான் போயிற்று.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கார் உதிரி பாகங்களைக் கப்பலில் அனுப்ப மரப்பெட்டி செய்வதும், பாகங்களை அதில் அடுக்கிக் கட்டுவதும் எங்கள் கம்பெனியின் வேலை. ஈர மரத்தில் பெட்டி செய்து கடலில் அனுப்பினால் மரத்தில் பூஞ்சை பிடிக்கும், உள்ளே இரும்பு துருப்பிடிக்கும். அதனால் மரத்தைச் சூடான அறையில் அடுக்கி உலர்த்துவார்கள். அந்த உலர்த்தும் பிரிவு மேடத்தின் பொறுப்பு. இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், மரத்தில் குத்தினால் ஈரம் காட்டும் மீட்டர் ஒன்றை அடையாள அட்டையோடு சேர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மெலிந்த உடம்பு. சிரிக்க மாட்டார். இவ்வளவு போதாதா? "காஞ்ச கட்டை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்டோரில் இருந்த ஒருவன் ஒருநாள் அவர் காதுபடவே அதைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மேடம் நின்றார். "காஞ்சாத்தான்டா கப்பல்ல ஏத்துவாங்க. நீயெல்லாம் யார்டுலயே கிடந்து பூஞ்ச புடிக்கிற ரகம்" என்றார். அவன் அன்று மதியம் சாப்பிடவில்லை.

தானாக வளையும் மரப்பட்டை ஒன்றை அவர் எனக்கு முதலில் காட்டியது கேண்டீனில். நான் அப்போது பேக்கிங் ஷெட்டில் லைன் லீடர். எதிரே வந்து உட்கார்ந்தவர், ஒரு வார்த்தை கேட்காமல் என் டீ டம்ளரைத் தன் பக்கம் இழுத்து, அதன் ஆவிக்கு மேலே, பலகையிலிருந்து மெல்லிசாகச் சீவிய அந்தப் பட்டையைப் பிடித்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக ஒரு பக்கம் வளைந்தது. பிறகு ஃபேனுக்கு நேராகப் பிடித்தார். சற்று நேரத்தில் நிமிர்ந்து, மறுபக்கம் வளையத் தொடங்கியது.

"மோட்டார் எங்க இருக்கு, சொல்லு."

"தெரியல மேடம்."

"இல்லவே இல்ல. மரம் ஈரத்தைக் குடிச்சா அகலத்துல உப்பும், நீளத்துல உப்பாது. ரெண்டு தகடு சீவி, ஒண்ணு நெடுக்கு நார், ஒண்ணு குறுக்கு நார்னு வச்சு ஒட்டியிருக்கேன். ஒண்ணு நீளணும்ங்குது, இன்னொண்ணு விட மாட்டேங்குது. புருஷன் பொண்டாட்டி மாதிரி. வளையாம என்ன பண்ணும்?"

அவர் வாயிலிருந்து நான் கேட்ட வேடிக்கைப் பேச்சு அது ஒன்றுதான். முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் இருந்தது. அதையும் நான் ஒளிக்கக்கூடாது. என் டீ ஆறிப்போயிருந்தது. வேறு ஒன்று வாங்கிக்கொள் என்றுகூடச் சொல்லாமல் பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த மழைக்காலத்தில் அனுப்பிய பாகங்கள் துருப்பிடித்துத் திரும்பி வந்தன. எங்கள் ஷெட்டில் சுவர் உச்சியில், கூரைக்குக் கீழே, காற்றுக்காக நீளநீளமான திறப்புகள் இருந்தன. ஈரக்காற்று அதன் வழியாகத்தான் வருகிறது என்று முடிவு செய்தார்கள். மேனேஜர் கூட்டம் போட்டார். லைன் லீடர்களையும் கூப்பிட்டிருந்தார். மேடம் தன் பட்டைகளைப் பெரிதாகச் செய்து, ஒரு சட்டத்தில் வரிசையாகத் திருகிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். ஒவ்வொரு பட்டையின் ஒரு பக்கத்தில் பென்சிலால் "சரக்கு" என்று எழுதியிருந்தார். திருப்பினால் பின்பக்கத்தில் "ஆள்".

"சரக்குன்னு எழுதின பக்கம் உள்ள தெரியற மாதிரி மாட்டினா, காத்துல ஈரம் ஏற ஏற இது அழுத்தி மூடிக்கும். காஞ்ச காத்துக்குத் திறக்கும். கரண்ட் வேண்டாம், ஆள் வேண்டாம். திருப்பி, ஆள் பக்கம் தெரியற மாதிரி மாட்டினா நேர் தலைகீழ். உள்ள ஜனம் வேர்த்து, மூச்சு விட்டு, ஈரம் ஏறினா திறக்கும். ரெண்டையும் ஒரே மரம் செய்யாது. எந்தப் பக்கம்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

மேனேஜர் யோசிக்கக்கூட இல்லை. "சரக்குதான் மேடம். ஆளுக்கு ஃபேன் இருக்கே."

பாதி ஃபேன் ஓடுவதில்லை என்று நான் சொன்னேன். மெயின்டனன்ஸில் சொல்லச் சொன்னார். மேடம் "சரி" என்று தலையாட்டிவிட்டுச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அந்த ஷெட்டில் எத்தனை பெண்கள் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசுவார் என்று எதிர்பார்த்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டத்தில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டிய பிறகு பார்க்க அழகாகத்தான் இருந்தது. காலை ஷிஃப்டுக்கு நுழையும்போது பட்டைகள் எல்லாம் வெளிப்பக்கம் வளைந்து நிற்கும், இடையில் வெளிச்சம் விழும். வேலை சூடுபிடித்து நாங்கள் வேர்க்க ஆரம்பித்தால், எங்கள் தலைக்கு நேர் மேலே தொடங்கி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போகும். சத்தமே வராது. மதியத்துக்குள் ஷெட் முழுக்க இருட்டி, இட்லிப் பானைக்குள் நிற்கிற மாதிரி ஆகிவிடும். எங்கள் லைனில் மூத்தவர் கன்னியம்மா, வாலாஜாபாத் பக்கத்துக்காரர், யாருக்கும் பயப்படாதவர். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா அநியாயம்மா இது. நாம மூச்சு வுட்டா அது கதவ சாத்திக்கினு கீது."

ஒரு பெண் மயங்கி விழுந்த அன்று கன்னியம்மா பொறுக்கவில்லை. ஷெட்டுக்கு வந்திருந்த மேடத்தை எல்லோர் முன்னாலும் மறித்துக்கொண்டார். "உனுக்கு நெஞ்சுல ஈரம்னு ஒண்ணு கீதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு" என்றார். லைன் நின்றுவிட்டது. மேடம் கழுத்தில் தொங்கிய மீட்டரை எடுத்தார். முழங்கையை மடக்காமல் நீட்டி, இரண்டு ஊசியையும் தன் கையிலேயே அழுத்திக் குத்தினார். மீட்டரைக் கன்னியம்மா பக்கம் திருப்பிக் காட்டினார். "இருக்கு. அளவைத் தாண்டிக் காட்டுது. உடம்புன்னா காட்டத்தான் செய்யும்" என்றார். ஊசியை எடுத்த இடத்தில் இரண்டு பொட்டு ரத்தம் வந்தது. அதைத் துடைக்காமலே, மூடிக்கிடந்த பட்டைகள் சட்டத்தோடு சரியாகப் படிந்திருக்கின்றனவா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போனார். கன்னியம்மாவே வழிவிட்டு விலகி நின்றார். எங்களுக்கு அவர்மேல் இருந்த வெறுப்பில் அன்றைக்குப் பயமும் சேர்ந்துகொண்டது.

இனி பேச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். எனக்கும் அதே பக்கம். படப்பையில் ஒரு மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட அறையில் இரண்டு பேரும் இருந்தோம். அவளை அவளுடைய தாய்மாமனுக்குக் கட்டிவைப்பதாக வீட்டில் பேச்சு. மாமனுக்கு அவளைவிட இரு மடங்கு வயது. முதலில் கட்டியவள் அடி தாங்காமல் ஓடிப்போனவள். பேச்சி அழுது, பட்டினி கிடந்து, கடைசியில் அவள் அப்பா ஒரு வாக்குக் கொடுத்தார்: கம்பெனி வேலை இருக்கும்வரை கல்யாணம் என்று கூப்பிட மாட்டோம், வேலை போனால் மறுபேச்சு இல்லாமல் வந்துவிட வேண்டும். அதனால் பேச்சி காய்ச்சலோடும் ஷிஃப்டுக்கு வருவாள். ஓவர்டைம் என்றால் முதல் ஆளாக நிற்பாள். எங்கள் லைனில் வேலையை அவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டவள் வேறு யாரும் இல்லை.

கூட்டத்துக்கு வராதவர்களில் அவள்தான் அந்தப் பட்டைகளின் பின்பக்கத்தை முதலில் படித்தது. மேல் தட்டில் பெட்டி ஏற்றும்போது, வெளியே வளைந்திருந்த ஒரு பட்டையின் அடியில் எழுத்து தெரிந்திருக்கிறது. இறங்கி வந்து என்னிடம் சொன்னாள்: "ஏக்கா, அந்தப் பொறத்துல ஆளுன்னு எழுதியிருக்காவ. நம்ம ஆளுதானக்கா?" மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் திருகு மிஷினை எடுத்துக்கொண்டு பெட்டிகள்மேல் ஏறி, எங்கள் லைனுக்கு மேலே இருந்த பட்டைகளை எல்லாம் கழற்றித் திருப்பி மாட்டினாள். லைனே கீழே நின்று பார்த்தது. கன்னியம்மா பெட்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டார். அன்று மதியம் நாங்கள் வேர்க்க வேர்க்க, எங்கள் தலைக்கு மேலே ஒவ்வொன்றாகத் திறந்தது. காற்று வந்தது. பேச்சி ஆணியடித்துக்கொண்டே இருந்தாள், ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரவுண்ட்ஸ் வந்த மேனேஜர், "இப்ப பரவாயில்லையே, மேடம் ஏதோ சரிபண்ணிட்டாங்க போல" என்று சொல்லிவிட்டுப் போனார். புரட்டாசி முழுக்க எங்களுக்கு நன்றாகப் போயிற்று.

ஐப்பசி மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஷெட்டில் ஆளில்லை. ஈரக்காற்று பட்டதும், பேச்சி திருப்பி மாட்டியிருந்த பட்டைகள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்து, அகலத் திறந்துகொண்டன. திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது கப்பலுக்குக் கட்டி வைத்திருந்த பெட்டிகள் எல்லாம் நனைந்து கிடந்தன.

மேனேஜர் விசாரணை வைத்தார். அதற்கு முன்னால் நான் உலர்த்தும் பிரிவுக்குப் போய், மேடத்திடம் பேச்சியின் கதையை முழுவதும் சொன்னேன். மாமன், ஓடிப்போன மனைவி, அப்பாவின் வாக்கு, எல்லாம். மேடம் கையில் இருந்த பலகையைக் கீழே வைக்காமலே கேட்டார். "அது அவங்க வீட்டு விஷயம். என்னை மரத்தைப் பத்திக் கேப்பாங்க. நான் மரத்தைப் பத்திச் சொல்வேன்" என்றார்.

விசாரணையில் மேனேஜர் அப்படியொன்றும் கொடுமைக்காரராக நடந்துகொள்ளவில்லை. இயற்கையாக நடந்த கோளாறு என்று எழுதி முடித்தால் அவருக்கும் தலைவலி இல்லை. அதனால் அவரே வழி எடுத்துக் கொடுத்தார். "மேடம், இதுதான் தானா நகருற மரமாச்சே. மழையில ஊறி தானாவே திருப்பிக்கிட்டிருக்குமோ? அப்படி ஆகலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். இதைக் கழட்டிட்டு வேற ஏதாவது போட்டுக்கலாம், விஷயம் முடிஞ்சிடும்."

நான் மேடத்தைப் பார்த்தேன். கன்னியம்மா பார்த்தார். பேச்சி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று தலையசைத்தால் போதும்.

"மரம் வளையும். திருப்பிக்காது" என்றார் மேடம். "திருகைக் கழட்ட அதுக்குக் கை இல்ல. யாரோ மாட்டியிருக்காங்க. மாட்டின விதத்துக்கு அது ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. இதுல மரத்து மேல குத்தமே கிடையாது."

நான் உடனே, லைன் மொத்தமும் சேர்ந்துதான் செய்தோம் என்றேன். கன்னியம்மாவும் "ஆமா சார், எல்லாருந்தான்" என்றார். எல்லோரையும் அனுப்பிவிட்டு எங்களால் ஷிஃப்ட் ஓட்ட முடியாது, ஒரு பெயர் சொல்லுங்கள் என்றார் மேனேஜர். பேச்சி எழுந்துவிட்டாள். "நாந்தான் சார். இவுக யாருக்கும் தெரியாது" என்றாள். மேடம் அவளைத் திரும்பிப் பார்த்தார். "திருகு எல்லாம் நேரா ஏத்தியிருந்தே" என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். அது இன்னும் மோசம்.

வேலை போன பேச்சியைப் பெருங்களத்தூரில் ஊர் பஸ் ஏற்றிவிட்டேன். பாயும் வாளியும் எனக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். தையில் கல்யாணம். போகவில்லை, லீவு கிடைக்கவில்லை, கிடைத்திருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

அவள் போன வாரம் மேடம் என்னைத் தன் பிரிவுக்கு மாற்றிக் கேட்டு வாங்கினார். அன்பால் என்று நினைத்துவிடாதீர்கள். "உன் கை வேர்க்காது. மரத்துக்கு நல்லது. வா" என்றார். போகாவிட்டால் நானும் ஊருக்குத்தான் போக வேண்டும், போனேன். முதல் நாள் வேலை என்ன தெரியுமா? எல்லாப் பட்டைகளையும் கழற்றிக் கொண்டுவந்து மேஜையில் குவித்திருந்தார். ஆளுக்கொரு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் "ஆள்" என்ற எழுத்தைத் தேய்த்து அழிப்பது. "சரக்கு" இருக்கட்டும், அந்தப் பக்கம் உள்ளே தெரியும்படி நாளைக்கே திரும்ப மாட்டிவிடலாம் என்றார். சாயங்காலம்வரை தேய்த்தோம். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, "எழுதியிருந்தா படிக்கத்தான் செய்வாங்க. என் தப்பு அது ஒண்ணுதான்" என்றார். நான் அடுத்த பட்டையை எடுத்தேன். என் தாவணிக் காலத்திலிருந்து இன்றுவரை ஒருவரை நான் அவ்வளவு வெறுத்ததில்லை. மேஜை முழுக்க மரத்தூள் பறந்தது, அவர் இருமிக்கொண்டே தேய்த்தார்.

பேச்சியைக் கொடுத்துக் காப்பாற்றிய அந்த மரமாவது நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை. அடுத்த வருடமே ஆடிட்டுக்கு வந்த வாடிக்கையாளர் தரப்பு, தானாக நகரும் எந்தப் பொருளுக்கும் சான்றிதழ் வேண்டும் என்றது. மரத்துக்கு யார் சான்றிதழ் கொடுப்பது? எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மோட்டார் வைத்த அலுமினியத் தடுப்புகள் போட்டார்கள். பட்டைகள் கேண்டீன் அடுப்புக்குப் போயின. நான் ஓடிவந்து மேடத்திடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது, அதை மறைக்கவில்லை. அவர் கேண்டீன் வரைக்கும் வந்து, அடுப்புக்கு அருகில் கொஞ்ச நேரம் நின்றார். "நல்லா காஞ்சது. புகையே வரல" என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

கடைசியாக அவரைப் பார்த்தது குன்றத்தூரில், மலைக்குக் கீழே தெருவில், அவருடைய தம்பி வீட்டு மாடி அறையில். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்க ஈரத்தை எடுத்த பெண்ணுக்கு இப்படி ஒரு முடிவை நான் கதையில் வைத்தால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அப்படித்தான் நடந்தது. உட்கார்ந்தால்தான் மூச்சு, படுத்தால் திணறல். மூக்கில் குழாய். தலைமாட்டில் இருந்த ஜன்னலைப் பார்த்தேன். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் மரப்பட்டைகள், புதிதாகச் செய்தவை. உள்பக்கம் தெரிகிற மாதிரி ஒவ்வொன்றிலும் பென்சிலால் "ஆள்" என்று எழுதியிருந்தது.

"திருப்பி மாட்டியிருக்கீங்களே மேடம்" என்றேன்.

"இங்க சரக்கு ஒண்ணும் இல்லியே. நான்தானே இருக்கேன்."

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. நோயாளி என்றுகூடப் பார்க்கவில்லை. "பேச்சிக்காக அன்னிக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் நிறைய மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டு பேசினார். "சொல்லியிருந்தா, மரத்த நம்ப முடியாதுன்னு அன்னிக்கே கழட்டி எறிஞ்சிருப்பாங்க."

"இப்ப மட்டும் என்ன ஆச்சு?"

அவர் தலைமாட்டுப் பட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு மாட்டினது சரியாத்தான் மாட்டியிருந்தா. மழைக்கு முன்னாடி திருப்பி வச்சிருக்கணும். அதை யாராவது சொல்லிக் கொடுத்திருக்கணும்" என்றார். யார் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். மருத்துவர் அளவாகக் குடிக்கச் சொல்லியிருக்கிறார் என்று பாதி டம்ளரோடு திருப்பிக் கொடுத்தார்.

சாவு வீட்டுக்கு நானும் கன்னியம்மாவும் சேர்ந்து போனோம். மாடிப்படி குறுகல், கீழே இடம் இல்லை என்று ஐஸ் பெட்டியை மாடி அறையிலேயே வைத்திருந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்தவர்கள் சுவரோரம் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். கட்டைவிரல் போட்டவர்களில் இருவர் வந்திருந்தார்கள். யாரும் அழவில்லை. தம்பி மனைவி வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது. ஜெனரேட்டர்காரனுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அறையில் புழுக்கம் ஏறியது, எல்லோரும் கையில் கிடைத்ததை வைத்து விசிறிக்கொண்டோம். ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் வெளிப்பக்கம் நீர் பூத்து அவர் முகம் மறைந்துவிட்டது. தலைமாட்டு ஜன்னலில் பட்டைகள் ஒவ்வொன்றாக வளைந்து திறக்க ஆரம்பித்தன. கை வைப்பாரில்லை, காற்றுமில்லை. தெரு வெளிச்சம் உள்ளே வந்து பெட்டிமேல் விழுந்தது.

உறவுக்காரர் ஒருவர் கைகூப்பிக்கொண்டு எழுந்துவிட்டார். "அக்காவோட ஆவிதான் வந்திருக்கு" என்றார். இரண்டு பெண்கள் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஆவிதான்" என்றார் கன்னியம்மா, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. "அவுங்குது இல்ல. நம்ம வாயில வுட்ற ஆவி. ஷெட்டுல அப்பவே இப்டி மாட்டிக் குடுத்திருந்தா இன்னாவாம்?" அதன்பிறகு அவர் கொஞ்சம் அழுதார். யாருக்காக என்று சொல்லவில்லை.

இரவு பேச்சிக்குப் போன் செய்து சொன்னேன். "செத்துட்டாவளா?" என்றாள். பிறகு, "அந்தப் பட்டையெல்லாம் என்னாச்சுக்கா?" என்று கேட்டாள். அப்போதே எரித்துவிட்டார்கள் என்றேன். சிரித்தாள். அவள் அவ்வளவு நேரம் சிரித்து நான் கேட்டதில்லை. எங்கேயோ ஓர் இடத்தில் அது சிரிப்பாக இல்லாமல் போயிற்று. "அவரு வாராரு, வைக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

ஆகவே, நண்பர்களே, அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான். மரத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடப்போவதாகத் தம்பி மனைவி சொன்னபோது, ஒரு வரிசைப் பட்டையைக் கேட்டு வாங்கிவந்தேன். படப்பை அறையின் ஜன்னலில் மாட்டியிருக்கிறேன், "ஆள்" என்ற எழுத்து என்னைப் பார்க்கும்படி. அவருடைய கையெழுத்து, கொஞ்சமும் சாயாத எழுத்து. மரத்தின் மேல் குற்றமே கிடையாது என்று அன்று விசாரணையில் அவர் சொன்னது உண்மைதான். பேச்சியின் பாய் இன்னும் சுவரோரம் சுருட்டியபடி இருக்கிறது, வேறு யாரையும் நான் அறையில் சேர்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டு பட்டைகளைப் பார்ப்பேன். என் ஒருத்தி மூச்சுக்கு அது பாதிதான் திறக்கிறது.